சர்வே எண்ணுக்கு விசாரணை உண்டு, ஊருக்கு இல்லை: உத்தனப்பள்ளியும் 1997 நில எடுப்புச் சட்டமும்

கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி வட்டாரத்தில் உள்ள உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளின் விவசாயிகள், ஐந்தாவது சிப்காட் என்று அப்பகுதி மக்கள் குறிப்பிடும் தொழிற்பூங்காவுக்காகத் தங்கள் நிலங்களை எடுக்கக் கூடாது என்று 2023ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து காத்திருப்புப் போராட்டம் நடத்தினார்கள். அந்தப் போராட்டப் பந்தலைப் பற்றி அப்போது பேசியவர்களில் ஒரு சாரார் இவர்கள் தொழில் வளர்ச்சிக்குத் தடை என்றார்கள். மறு சாரார் அரசே விவசாயத்தை அழிக்கிறது என்றார்கள். எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் கேட்கப்படுகிறது, அந்தச் சட்டம் நிலம் கொடுப்பவரை எந்தக் கட்டத்தில் பேச அனுமதிக்கிறது, எந்தக் கட்டத்தில் அனுமதிப்பதில்லை என்ற கேள்வி இந்த இரண்டு குரல்களுக்கும் நடுவில் காணாமல் போனது. போராட்டம் ஏன் அலுவலகத்தை விட்டு வீதிக்கு வந்தது என்பதற்கான விடை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் நிலத்தைப் பற்றி. சூளகிரியைச் சுற்றியுள்ள பூமியைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பொதுவான வறட்சிப் படத்துக்குள் அடக்கிவிட முடியாது. ஏரியையும் ஆழ்துளைக் கிணற்றையும் சொட்டு நீரையும் நம்பிக் கொத்தமல்லி, புதினா, முட்டைக்கோஸ், தக்காளி, குடைமிளகாய் என்று சந்தைக்கு ஏற்ற குறுகிய காலப் பயிர்களை மாற்றி மாற்றி எடுக்கும் மண் இது. ஓசூர்ப் பக்கத்து ரோஜாவும் ராயக்கோட்டைத் தக்காளியும் எங்கெல்லாம் போகின்றன என்பதை இந்தச் சாலைகளில் விடியற்காலையில் நிற்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் இதே பூமி பெரும்பாலும் ‘புஞ்சை’. வானம் பார்த்த கேழ்வரகு நிலத்துக்கும், பசுமைக் குடில் போட்டு ஆண்டுக்கு மூன்று முறை அறுவடை செய்யும் நிலத்துக்கும் பட்டாவில் அதே சொல்தான். எந்தப் பயிர் எந்தப் பருவத்தில் நின்றது என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் என்ற பயிர்க் கணக்கில் ஏற்றியிருந்தால் மட்டுமே காகிதத்தில் அந்த வேறுபாடு தெரியும். ஏற்றப்படாத பயிர் அரசின் கண்ணுக்கு விளையாத பயிர்.

இனித் தொழிலைப் பற்றி. இதையும் குறைத்துச் சொன்னால் ஆய்வு நேர்மையாக இருக்காது. ஓசூரில் சிப்காட் வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிறது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், அரசின் டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் என்று வரிசையாக வந்த ஆலைகள், ஒரு சிறு எல்லையூரை மாநகராட்சியாக மாற்றின. பிற்காலத்தில் போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலா நிறுவனம் 500 ஏக்கரில் மின் ஸ்கூட்டர் ஆலை கட்டியது. டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலை ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு வேலை கொடுத்தது. தர்மபுரியின் பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கங்களிலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும், பின்னலாடை வேலைக்குத் திருப்பூருக்கும் குடும்பத்தோடு போய்க்கொண்டிருக்கும் மக்களுக்கு, வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் ஓர் ஆலை என்பது வெறும் விளம்பர வாசகம் அல்ல. ஆகவே ‘தொழிற்சாலையே வேண்டாம்’ என்ற நிலைப்பாட்டை நான் ஏற்கவில்லை. உத்தனப்பள்ளியிலும் எழுந்த கேள்வி தொழிற்சாலை வேண்டுமா என்பதல்ல, இந்த நிலம்தானா என்பதுதான்.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. 1894ஆம் ஆண்டின் பழைய நில எடுப்புச் சட்டத்தை நீக்கி, நாடாளுமன்றம் 2013இல் இயற்றிய நியாயமான இழப்பீடு மற்றும் மறுவாழ்வுச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. நிலத்தைத் தொடுவதற்கு முன்பே சமூகத் தாக்க மதிப்பீடு ஒன்றை நடத்த வேண்டும், அதைக் கிராம ஊராட்சியுடன் கலந்து செய்ய வேண்டும், பாதிக்கப்படும் இடத்திலேயே பொது விசாரணை வைக்க வேண்டும், இதைவிடக் குறைந்த நிலத்தில் இத்திட்டம் முடியுமா, வேறு இடம் உண்டா என்பதை மதிப்பீடு சொல்ல வேண்டும், அதைத் தனியான வல்லுநர் குழு பரிசீலிக்க வேண்டும் என்றெல்லாம் அச்சட்டம் வகுத்துள்ளது. பாசனம் பெற்றுப் பலபோகம் விளையும் நிலத்தை வேறு வழியே இல்லாத நிலையில்தான் எடுக்கலாம் என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. பட்டாதாரர் மட்டுமல்லாமல், அந்த நிலத்தை மூன்று ஆண்டுகளாக நம்பிப் பிழைக்கும் குத்தகைதாரரும் விவசாயக் கூலியும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்ற வரையறைக்குள் வருகிறார்கள். முழு இழப்பீடும் கொடுத்த பிறகே நிலத்தைக் கைப்பற்றலாம். எடுத்த நிலம் ஐந்தாண்டுகள் பயன்படாமல் கிடந்தால் பழைய உரிமையாளரிடமோ அரசின் நில வங்கியிடமோ திரும்ப வேண்டும்.

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தைத் தெளிவுபடுத்தியாக வேண்டும். ‘மத்தியச் சட்டம் இருந்தால் 80 விழுக்காடு விவசாயிகள் சம்மதம் கொடுக்காமல் சிப்காட் நிலம் எடுக்க முடியாது’ என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. அப்படி இல்லை. தனியார் நிறுவனத்துக்காக எடுத்தால் 80 விழுக்காடு, அரசு-தனியார் கூட்டுத் திட்டமானால் 70 விழுக்காடு சம்மதம் தேவை. அரசு தன் பயன்பாட்டுக்கும் தன் நிறுவனங்களுக்கும் எடுக்கும்போது சம்மத நிபந்தனை கிடையாது. சிப்காட் அரசு நிறுவனம். அது நிலத்தை வாங்கி மனையாக்கித் தனியார் ஆலைகளுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுகிறது. அதை அரசின் பயன்பாடு என்பதா, தனியாருக்கான எடுப்பு என்பதா என்று வாதாடலாம்; ஆனால் அந்த வாதத்தில் விவசாயி வெல்வது உறுதி என்று சொல்ல முடியாது. ஆகவே இழந்தது சம்மத உரிமை என்று சொல்வதைவிட, பொது விசாரணையும் மாற்று இடப் பரிசீலனையும் என்று சொல்வதுதான் சரி.

இழந்தது எப்படி என்பது தமிழ்நாட்டின் தனிக்கதை. சிப்காட் நிலம் எடுப்பது தமிழ்நாடு தொழிற் பயன்பாட்டுக்கான நில எடுப்புச் சட்டம், 1997இன் கீழ். மத்தியச் சட்டம் வந்ததும், அதன் வரம்பிலிருந்து இந்த 1997 சட்டத்தையும் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978 சட்டத்தையும், 2001 நெடுஞ்சாலைச் சட்டத்தையும் விலக்கி வைக்கும் 105ஏ என்ற பிரிவை, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநில அரசு மத்தியச் சட்டத்தில் சேர்த்தது. அதாவது, இழப்பீட்டுத் தொகையை மத்தியச் சட்டத்தின் வழியில் கணக்கிடலாம், ஆனால் எடுக்கும் நடைமுறை பழைய மாநிலச் சட்டப்படியே நடக்கும். 2019 ஜூலை 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. மத்தியச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த 2013 செப்டம்பர் 27 அன்றே இந்த மாநிலச் சட்டங்கள் முரண்பட்டு உயிரிழந்துவிட்டன, பின்னால் வந்த ஒரு விலக்குப் பிரிவு அவற்றுக்கு உயிர் தராது என்றது தீர்ப்பு. அதே மாதத்தில் சட்டமன்றம் மூன்று சட்டங்களையும் மீட்கும் சட்டமுன்வரைவை நிறைவேற்றியது. அது எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது என்று பார்த்தால் 2013 செப்டம்பர் 26, சரியாக ஒரு நாள் முன்பு. சட்டம் வரைந்தவரின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஏ.எம். கான்வில்கர், தினேஷ் மகேஸ்வரி அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அரசமைப்பின் 254ஆம் பிரிவின்படி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் அந்த மாநிலத்தில் மத்தியச் சட்டத்தை மீறி நிற்கும். நீதிமன்றத்தின் முன் இருந்தது இயற்ற அதிகாரம் உண்டா, முரண்பாடு களையப்பட்டதா என்ற வினா. நல்ல கொள்கைதானா என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல. ‘உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது’ என்று அதிகாரிகள் விவாதத்தை முடிக்கும்போதெல்லாம் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. செல்லும் சட்டம் வேறு, நியாயமான சட்டம் வேறு. முன்னதை நீதிபதிகள் முடித்துவிட்டார்கள், பின்னது இன்னும் நம்மிடமும் நம் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் இருக்கிறது.

1997 சட்டத்தின் நடைமுறை மிகச் சுருக்கமானது. தொழிலுக்கு இந்த நிலம் தேவை என்று அரசு கருதினால், 3ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவின்படி உரிமையாளருக்கு, ஏன் எடுக்கக் கூடாது என்று காரணம் கேட்டு அறிவிப்பு அனுப்பப்படும். விசாரணை நடக்கும். பிறகு அரசிதழில் 3(1) அறிவிக்கை வெளியாகும்; வெளியான அந்த நாளிலேயே எல்லாப் பாத்தியதையும் நீங்கி நிலம் அரசின் உடைமையாகிவிடும். பணம் அதற்குப் பின்னால் வரும். உத்தனப்பள்ளி போன்ற ஊர்களில் ‘நோட்டீஸ் வந்திருக்கு’ என்ற சொல் ஏன் இவ்வளவு கலவரத்தை உண்டாக்குகிறது என்பது, இந்த வரிசையைப் படித்தவருக்கு விளங்கும்.

அந்த விசாரணையில் யார் பேசலாம்? அறிவிப்புப் பெற்றவர். எதைப் பற்றி? தன் சர்வே எண்ணைப் பற்றி. வீடு இருக்கிறது, கிணறு இருக்கிறது, மாமரம் இத்தனை, கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரியவில்லை, உள்பிரிவு அளவு தவறு என்று அவர் சொல்லலாம்; நில எடுப்புத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் அது கோப்பில் ஏறும். அவருடைய ஆட்சேபணைக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், திட்டத்தின் பொதுநலன் கருதி ஏற்க இயலவில்லை என்பது. ஆனால் உத்தனப்பள்ளியின் ஆட்சேபணைகளில் பெரும் பகுதி எந்த ஒரு சர்வே எண்ணுக்கும் சொந்தமானது அல்ல. ஏரிக்கு வரும் ஓடை திட்டப் பகுதிக்குள் போனால் கீழே உள்ள நிலங்களுக்கு என்ன ஆகும், நிலமில்லாமல் களையெடுப்புக்கும் பறிப்புக்கும் போய் வாழும் பெண்கள் எங்கே போவார்கள், மேய்ச்சல் புறம்போக்கு போனால் கறவை மாடு வைத்திருப்பவர் என்ன செய்வார், ஆலைகள் ஆழ்துளைக் கிணறு போட்டால் எல்லைக்கு வெளியே இருக்கும் தோட்டத்தில் தண்ணீர் நிற்குமா என்பவை ஊரின் கேள்விகள். இவற்றைக் கேட்க 1997 சட்டத்தில் நாற்காலி இல்லை. நிலமற்ற கூலிக்கு அறிவிப்பே வராது. கிராம சபை தீர்மானம் போடலாம். அது ஒரு கருத்தாகக் கோப்பில் இருக்கும், அவ்வளவுதான். சட்டத்துக்குள் இடமில்லாத கேள்விகள் சாலையோரப் பந்தலில் போய் உட்கார்ந்தன.

இழப்பீட்டைப் பொறுத்தவரை நிலைமை அவ்வளவு இருட்டு அல்ல என்றாலும், விளம்பரப்படுத்தப்படும் அளவுக்கு வெளிச்சமும் அல்ல. மத்தியச் சட்டப்படி சந்தை மதிப்பைக் கண்டறிந்து, ஊரகப் பகுதியானால் அதை 1 முதல் 2 வரையிலான ஒரு காரணியால் பெருக்கி, அதன்மேல் நூறு விழுக்காடு ஆறுதல் தொகை சேர்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, ஏக்கர் மதிப்பு 20 லட்சம், காரணி 1.5 என்று வைத்துக்கொண்டால், 30 லட்சமாகி, ஆறுதல் தொகையோடு 60 லட்சமாகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் அந்த முதல் 20 லட்சத்தில் இருக்கிறது. சந்தை மதிப்பு என்பது அரசின் வழிகாட்டி மதிப்பையும், அக்கம்பக்கத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களில் உயர்ந்த பாதியின் சராசரியையும் பார்த்து, எது கூடுதலோ அதை எடுப்பது. 2017 ஜூனில் தமிழக அரசு மாநிலம் முழுவதும் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்தது. 2023 ஏப்ரலில்தான் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. பத்திரச் செலவு குறைந்ததே என்று அப்போது மகிழ்ந்தவர்களின் ஊரில், அந்த ஆண்டுகளில் நிலம் எடுக்கப்பட்டிருந்தால், கணக்கின் அடித்தளமே தாழ்ந்துதான் இருந்திருக்கும். கிரயப் பத்திரத்தில் உண்மை விலையை எழுதாமல் குறைத்து எழுதும் நம் ஊர் வழக்கமும் இதே இடத்தில்தான் திரும்பிக் கடிக்கிறது. இந்தப் பழியில் ஒரு பங்கை அரசின் மேல் போட முடியாது.

அரசுத் தரப்பின் வாதங்களில் இரண்டு வலுவானவை. மத்திய அரசே தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் உள்ளிட்ட 13 மத்தியச் சட்டங்களை 2013 சட்டத்தின் நான்காம் அட்டவணையில் வைத்து விலக்கிக்கொண்டது. மாநிலம் மூன்றை விலக்கினால் மட்டும் குற்றமா என்பது ஒன்று. தர்க்கத்தில் இதற்குப் பதில் இல்லை. ஆனால் அந்த விலக்கு என்ன செய்யும் என்பதை 2018இல் அரூர் வட்டாரம் பார்த்தது. சேலம்-சென்னை எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளக்க வந்தபோதும் ஊர் பேசுவதற்கு இடமில்லை. விவகாரம் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்துக்கும், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கும் போய்த்தான் நின்றது. ஆகவே இது மாநில அரசின் தனிப் பாவம் அல்ல. இரண்டு அரசுகளுக்கும் உள்ள பொதுப் பழக்கம்.

மற்றொன்று, வேகம். முதலீட்டாளர் ஆந்திராவுக்கோ கர்நாடகாவுக்கோ போய்விடுவார். சமூகத் தாக்க மதிப்பீடு, வல்லுநர் குழு, முதல்நிலை அறிவிக்கை, விளம்புகை, தீர்வம் என்று போனால் ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். மத்தியச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டுக்குக் கொடுத்திருக்கும் கால வரம்பு ஆறு மாதம். அதைத் தவிர்த்தவர்களுக்கு எவ்வளவு காலம் மிச்சமானது என்று பார்க்க நமக்கு வெகுதூரம் போக வேண்டாம். ஓசூரிலிருந்து பெங்களூரைத் தாண்டினால் தேவனஹள்ளி. அங்கே சன்னராயபட்டணம் பகுதியில் 13 கிராமங்களின் 1,777 ஏக்கரை, கர்நாடகத்தின் தொழில் வளர்ச்சிக்கான தனிச் சட்டத்தின் கீழ் எடுக்க முயன்றார்கள். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகப் போராட்டம் நடந்தது. 2025 ஜூலை 15 அன்று முதலமைச்சர் சித்தராமையா அந்த எடுப்பைக் கைவிடுவதாக அறிவித்தார். நம் பக்கத்திலேயே செய்யாறு மேல்மா சிப்காட் விவகாரத்தில், 2023 நவம்பரில் போராடிய விவசாயிகள் ஏழு பேர்மீது குண்டர் சட்டம் பாய்ந்து, எழுந்த எதிர்ப்பில் சில நாள்களுக்குள் ஆறு பேர்மீது அது விலக்கப்பட்டது. ஆறு மாத விசாரணையை மிச்சப்படுத்தப் போய் அரசுகள் வாங்கிக்கொண்ட காலதாமதமும் அவப்பெயரும் இவை.

இதில் கட்சி பார்த்துப் பயனில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1997 சட்டம் தி.மு.க. ஆட்சியில் பிறந்தது. 105ஏ பிரிவையும், 2019 மீட்புச் சட்டத்தையும் கொண்டுவந்தது அ.தி.மு.க. ஆட்சி. 2021க்குப் பிறகு அதே சட்டத்தைக் கையில் எடுத்து நிலம் எடுத்தது மீண்டும் தி.மு.க. ஆட்சி. எதிர்க்கட்சியாக இருக்கும்போது பந்தலுக்கு வந்து உட்கார்வதும், ஆளும்போது நோட்டீஸ் அனுப்புவதும் இரண்டு பக்கத்துக்கும் கைவந்த கலை. 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நடந்ததை நினைவுபடுத்திக்கொண்டால் நம் கவனம் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டமுன்வரைவு அன்று நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன, மே 1 அன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அதே ஏப்ரல் 21 அன்று, 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்காக, நீர்நிலைகள் அமைந்த நிலத்தையும் உள்ளடக்கி ஒருங்கிணைக்க வழிசெய்யும் நில ஒருங்கிணைப்புச் சட்டமும் விவாதமின்றி நிறைவேறியது. பின்னர் விவசாய அமைப்புகளும் சூழலியலாளர்களும் எதிர்த்தபோதும், அது ஆளுநரின் ஒப்புதலோடு சட்டமாகிவிட்டது. தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, ஏரிக்கு இல்லை.

என் நிலைப்பாடு 1997 சட்டத்தை ஒழிக்க வேண்டும் என்பது அல்ல. கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் இன்னும் ஆலைகள் வேண்டும். அவற்றுக்கு நிலம் வேண்டும். ஒரே ஒரு பட்டாதாரர் நீதிமன்றத்தில் தடை வாங்கி எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும் நிலையும் நல்லதல்ல. நான் கேட்பது, தனித்தனி உரிமையாளருக்கு 3(2) அறிவிப்பு போவதற்கு முன்னால் ஊருக்கு ஒரு விசாரணை. அந்த ஊராட்சியிலேயே, விடுமுறை நாளில், திட்ட வரைபடத்தைச் சர்வே எண்களோடு சுவரில் மாட்டிவைத்து, பட்டா இல்லாதவரும் பேசக்கூடியதாக அது நடக்க வேண்டும். தமிழிலும், இந்த எல்லைப் பகுதியில் வீட்டுமொழியாக இருக்கும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேசலாம் என்றிருக்க வேண்டும். வட்டாட்சியர் முன் தமிழில் தடுமாறும் முதியவர்கள் இங்கே நிறையப் பேர். ஏற்கெனவே எடுத்த சிப்காட் மனைகளில் எத்தனை ஏக்கர் ஆலை வராமல் காலியாகக் கிடக்கிறது என்ற கணக்கை அந்த மேசையில் வைத்துவிட்டு, புதிதாக ஏன் வேண்டும் என்று அதிகாரி விளக்க வேண்டும். ஐந்தாண்டு காலியாகக் கிடந்தால் திரும்பத் தருகிறோம் என்ற வாக்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இப்படிச் செய்தாலும் ஊர் ‘வேண்டாம்’ என்றுதான் சொல்லும், அப்போது என்ன செய்வது என்று கேட்கிறார்கள். எல்லா ஊரும் அப்படிச் சொல்லும் என்று நான் நினைக்கவில்லை. ஆழ்துளைக் கிணறு வறண்டு, பிள்ளைகள் பெங்களூரில் வேலையில் இருக்க, தரிசாகப் போட்டு வைத்திருக்கும் பூமிக்கு நல்ல விலை வந்தால் கொடுக்கத் தயாராக உள்ளவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையவே உண்டு. எந்தப் பகுதி விளைகிறது, எந்தப் பகுதி கிடக்கிறது என்பது ஊருக்குத்தான் தெரியும். கேட்டால் எல்லைக்கோட்டை நகர்த்திப் போடவும் வழி பிறக்கும். கேட்டும் ஒத்துவராத இடத்தில் அரசு தன் அதிகாரத்தைப் பயன்படுத்தட்டும், ஆனால் எழுத்தில் காரணம் சொல்லிப் பயன்படுத்தட்டும்.

மேற்சொன்ன ஊர் விசாரணைக்குச் சட்டத் திருத்தமோ குடியரசுத் தலைவர் ஒப்புதலோ தேவைப்படாது. நோட்டீஸ் கொடுக்கும் முன் ஊரைக் கேட்கக் கூடாது என்று 1997 சட்டத்தின் எந்தப் பிரிவும் சொல்லவில்லை. தொழில் துறை ஓர் அரசாணை பிறப்பித்தால் சூளகிரி வட்டத்திலேயே அதைத் தொடங்கிவிடலாம். அதுவரை, நில எடுப்புப் பேச்சு அடிபடும் ஊர்களில் இருப்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் தங்கள் பயிரை அடங்கலில் ஏற்றச் சொல்லிக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கேட்டு, அதன் நகலையும், சொட்டு நீர் மானியம், மின் இணைப்பு, பசுமைக் குடில் தொடர்பான ஆணைகளையும் ஒரே கோப்பில் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. 3(2) விசாரணையில் அதிகாரி பதிவு செய்துகொள்ளக் கடமைப்பட்டவை இப்போதைக்கு அந்தக் காகிதங்கள்தான்.